வாசகம் மாறுமுன் வாசல் திறந்த ஊர்

சான் பிரான்சிஸ்கோவின் போல்க் தெருவில், நகராட்சி மாளிகைக்கு வடக்கே சில நிமிட நடையில் இருக்கிறது கலிபோர்னியா ஹால். ஜெர்மானியக் குடியேறிகள் தங்கள் சங்கங்களுக்காக 1912-இல் கட்டிய மண்டபம் அது. கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்க வருகிற கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் தன்பாலீர்ப்பாளர்கள் மீது சுமத்தப்பட்ட இழிவுக்கு எதிராக அமெரிக்கப் போதகர்கள் கழுத்துப்பட்டையோடு வெளிப்படையாக நின்றது இந்த மண்டபத்தில் நடந்த ஒரு நடன விருந்தை முன்னிட்டுத்தான்.

அன்றைய நிலை இது. கலிபோர்னியாவில் ஒரே பாலினத்தவரின் உறவு 1970-களின் நடுப்பகுதி வரை குற்றம். இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடினால் மதுக்கடையின் உரிமம் பறிபோகும். 1961-இல் டே-புஷ் இன் என்ற சிறிய கடையில் ஒரே இரவில் 103 பேரைப் போலீஸ் பிடித்தது. பிடிபட்டவர்களின் பெயர் நாளிதழில் வரும், வேலை போகும், வீடும் போகும். சட்டம் கொடுத்த தண்டனையைவிட ஊர் கொடுத்த தண்டனை பெரிது.

இந்தச் சூழலில் டெட் மெக்கில்வென்னா என்ற இளம் மெதடிஸ்ட் போதகர் டெண்டர்லாயின் பகுதியில் இளைஞர் பணிக்காக அமர்த்தப்பட்டார். தெருவில் திரிந்த பிள்ளைகளில் பலர் தன்பாலீர்ப்பின் காரணமாக வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள், அல்லது வீட்டாரே துரத்தியவர்கள். அவர்களுக்கு உதவ வேண்டுமானால் அவர்களைப் பற்றித் தெரிந்த பெரியவர்களிடம் பேச வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1964 மே மாத இறுதியில், வளைகுடாவுக்கு வடக்கே மில் வேலியில் உள்ள ஒரு தியான இல்லத்தில் போதகர்களும் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளின் தலைவர்களும் சில நாட்கள் ஒன்றாகத் தங்கினார்கள். நாட்டின் முதல் பெண் தன்பாலீர்ப்பாளர் அமைப்பான 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்' அமைப்பை 1955-இல் தொடங்கியவர்களான டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லையனும் அங்கே இருந்தார்கள். போதகர்களில் பலர் அதுவரை தெரிந்தே ஒரு தன்பாலீர்ப்பாளரோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்தது 'மதமும் தன்பாலீர்ப்பாளரும்' பற்றிய ஒரு மன்றம். அதன் ஆங்கிலப் பெயரில் 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல் ஒளிவுமறைவின்றி இருந்தது. அந்தக் காலத்து அமைப்புகள் பூடகமான பெயர்களுக்குப் பின்னால் ஒளிந்துதான் இயங்கின.

மன்றத்துக்கு நிதி திரட்ட 1965 ஜனவரி 1 இரவு கலிபோர்னியா ஹாலில் மாறுவேட நடன விருந்து ஏற்பாடானது. போதகர்கள் முன்கூட்டியே காவல்துறையைச் சந்தித்துப் பேசியிருந்தார்கள். ஆனாலும் வாசலில் விளக்குகளை நிறுத்தி, உள்ளே நுழைந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் படம் பிடித்தது. மனைவியரோடு வந்த போதகர்களும் அந்தப் படங்களில் அகப்பட்டார்கள். சோதனைக்காக உள்ளே வர முயன்ற காவலர்களிடம் வாரண்ட் கேட்ட மூன்று வழக்கறிஞர்களும், வாசலில் டிக்கெட் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் கைதானார்கள்.

மறுநாள் நடந்ததுதான் புதிது. போதகர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டித் தாங்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் இதையே ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தும் யாரும் எழுதியதில்லை. போதகர்கள் சொன்னதும் அது செய்தியானது. இதில் பெருமைப்படவும் வருத்தப்படவும் சம அளவில் இடமுண்டு. அடுத்த மாதம் வழக்கு நீதிமன்றம் வந்தபோது, கைதானவர்கள் தரப்பு தன் வாதத்தைத் தொடங்குமுன்பே குற்றமில்லை என்று தீர்ப்பளிக்கும்படி ஜூரிக்கு நீதிபதி உத்தரவிட்டார். கைதான வழக்கறிஞர்களில் ஒருவரான ஹெர்பர்ட் டொனால்ட்சன் பிற்காலத்தில் இதே நகரில் நீதிபதியானார்.

போல்க் தெருவிலிருந்து கிழக்கே இறங்கினால் டெண்டர்லாயின். ஒற்றை அறை விடுதிகள், நடைபாதைக் கூடாரங்கள், போதையில் நிலைகுத்தி நிற்கும் மனிதர்கள் என, பணக்கார நகரம் ஒன்றின் நடுவே இப்படி ஓர் இடமா என்று முதல் முறை வருபவர் திகைப்பார். எல்லிஸ் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கும் மூலையில் கிளைட் நினைவு ஆலயம் நிற்கிறது. லிசி கிளைட் என்ற செல்வந்தப் பெண்மணி தன் கணவரின் நினைவாகக் கட்டியது. மெக்கில்வென்னாவின் பணிக்கும் மன்றத்துக்கும் பின்னால் இருந்தது கிளைட்தான்.

1963-இல் இங்கே வந்த சிசில் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் போதகர் ஆலயத்தையே தலைகீழாக மாற்றினார். 1967-இல் பலிபீடத்தின் மேலிருந்த சிலுவையை இறக்கினார். மரணத்தின் சின்னத்தைவிட உயிரோடு இருப்பவர்கள் முக்கியம் என்பது அவர் வாதம். ஆர்கன் இசை போய் ஜாஸ் வந்தது. ஒரே பாலின இணையரின் சேர்க்கையை, சட்டம் அதை ஏற்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, அவர் ஆசீர்வதித்து நடத்தி வைத்தார். ஞாயிறு ஆராதனையில் விடுதிவாசிகளும் சுற்றுலாப் பயணிகளும் அரசியல்வாதிகளும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். கீழ்த்தளத்தில் அன்றாடம் இலவச உணவு. சாப்பாட்டு வரிசை மூலையைச் சுற்றி நீளும். கோயில் அன்னதானப் பந்தியைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டுப் பயணிக்கு இங்கே அந்நியமாகத் தெரிய ஒன்றுமில்லை. வில்லியம்ஸ் 2024 ஏப்ரலில், 94 வயதில் காலமானார்.

கிளைட்டின் நிழலில்தான் 'வான்கார்ட்' என்ற தெருப்பிள்ளைகள் அமைப்பு வளர்ந்தது. தங்களைத் தெருவிலிருந்து 'கூட்டித் தள்ளும்' போலீஸைக் கண்டித்து, 1966-இல் அவர்கள் துடைப்பம் எடுத்து மார்க்கெட் தெருவைத் தாங்களே பெருக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், டர்க் தெருவும் டெய்லர் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த காம்ப்டன்ஸ் உணவகத்தில் ஒரு திருநங்கையின் கையைப் பிடித்து இழுத்த காவலர் முகத்தில் காபி பறந்தது. கண்ணாடிகள் நொறுங்கின, சண்டை தெருவுக்கு வந்தது. நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலவரத்துக்கு மூன்று ஆண்டுகள் முந்தைய சம்பவம். வரலாற்றாசிரியர் சூசன் ஸ்ட்ரைக்கர் தேடி எடுத்து 2005-இல் ஆவணப்படமாக்கும் வரை ஊரே இதை மறந்திருந்தது. 2017 முதல் இந்தத் தெருக்கள் திருநர் பண்பாட்டு வட்டாரம் என்று நகரால் அங்கீகரிக்கப்பட்டுள்ளன.

கிளைட் அப்போது ஒரு மெதடிஸ்ட் ஆலயமாக இருந்தது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இந்த மூலையில் இவ்வளவும் நடந்த பின்பு, 1972-இல், ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை தன் விதிநூலில் ஒரு வாசகத்தைச் சேர்த்தது: தன்பாலீர்ப்புப் பழக்கம் கிறித்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று. அதை நீக்கக் கோரிய தீர்மானங்கள் மாநாட்டுக்கு மாநாடு தோற்றன. 2024-இல் சார்லட் நகரில் கூடிய பொது மாநாட்டில்தான் அது நீங்கியது. அதற்குள் கிளைட் 2020-லேயே அந்தத் திருச்சபையை விட்டு வெளியேறிவிட்டது. இந்நகரின் மதநிறுவனங்களைத் தெருத் தெருவாகப் பார்த்துக்கொண்டு போனால் இந்த வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் சமையலறை திறக்கிறது, பிறகு படுக்கை கிடைக்கிறது. கோட்பாடு கடைசியில் வருகிறது, சில இடங்களில் இன்னும் வரவில்லை.

டெண்டர்லாயினுக்கு மேலே செங்குத்தாக எழும் நாப் ஹில் வேறு உலகம். கலிபோர்னியா தெரு வழியாகக் கேபிள் காரில் ஏறினால் உச்சியில் எபிஸ்கோபல் பிரிவினரின் கிரேஸ் பேராலயம். உள்ளே நுழைந்ததும் ஒரு சிற்றாலயம் எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக, எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவாக அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் பீடத்தில் கீத் ஹேரிங் செய்த மூன்று மடிப்புச் சிற்பப் பலகை. வெண்தங்கம் பூசிய வெண்கலம். சுரங்கப்பாதைச் சுவர்களில் சாக்பீஸால் வரைந்து பெயர் பெற்ற ஓவியர் அவர். எய்ட்ஸ் தாக்கி 1990 பிப்ரவரியில், 31 வயதில் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு இதை முடித்தார். கிறிஸ்துவின் வாழ்க்கைதான் பொருள். ஆனால் அவருடைய வழக்கமான துள்ளும் கோட்டு மனிதர்களே கைகளை உயர்த்திக் கீழே நிற்கிறார்கள். பேராலயத்தின் மற்ற அலங்காரங்களைவிட இந்த ஒன்றுக்காகவே மலையேறலாம்.

ஆனால் இது நடந்து முடிந்ததற்கு எழுப்பிய நினைவிடம். நடந்த இடங்கள் காஸ்ட்ரோவில் இருக்கின்றன. மார்க்கெட் தெருவில் ஓடும் பழைய காலத்து எஃப் வரிசை டிராம் அங்கேயே கொண்டு விடும். நிறுத்தத்தில் இறங்கியதும் பெரிய வானவில் கொடி பறக்கிறது. கில்பர்ட் பேக்கர் அந்தக் கொடியை 1978-இல் இந்நகரில்தான் முதன்முதலில் ஏற்றினார். அதே ஆண்டு நவம்பர் 27-இல், வெளிப்படையான தன்பாலீர்ப்பாளராக நகர்மன்றத்துக்குத் தேர்வான ஹார்வி மில்க்கும் மேயர் மோஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

காஸ்ட்ரோ முன்பு ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர் குடியிருப்பு. 1970-களில் அக்குடும்பங்கள் புறநகர்களுக்குப் போக, விலை சரிந்த விக்டோரியா காலத்து மரவீடுகளைத் தன்பாலீர்ப்பு ஆண்கள் வாங்கிப் புதுப்பித்தார்கள். மலைச்சரிவில் டயமண்ட் தெருவில் உள்ள மகா பரிசுத்த மீட்பர் ஆலயம் காலியாகிக்கொண்டே வந்தது. எஞ்சியவர்கள் பெரும்பாலும் வீட்டை விற்காத முதிய விதவைகள். 1982-இல் பங்குத்தந்தையாக வந்த ஆண்டனி மெக்வயர், தெருவில் நடமாடும் இளைஞர்களையும் பங்குமக்களாகவே எண்ணி வாசலைத் திறந்தார். அவர்கள் வந்தார்கள். பாடகர் குழு நிறைந்தது. முதலில் பாட்டிமார்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

அதற்குள் எய்ட்ஸ் வந்துவிட்டது. 1981 ஜூனில் அமெரிக்க அரசின் மருத்துவ வார அறிக்கை அந்த மர்ம நோயை முதலில் பதிவு செய்தது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு சாவு பெருகியது. மகன் சாகக் கிடக்கும்போதும் வராத பெற்றோர் இருந்தார்கள். சடலத்தைத் தொட மறுத்த சவ அடக்க நிறுவனங்கள் நாடெங்கும் இருந்தன. நோய் கடவுளின் தண்டனை என்று தொலைக்காட்சிப் போதகர்கள் பிரசங்கம் செய்தார்கள். மீட்பர் ஆலயம் 1985-இல் எய்ட்ஸ் ஆதரவுக் குழு ஒன்றைத் தொடங்கியது. பிள்ளைகளும் கணவன்மாரும் சாவதைப் பார்த்த பாட்டிமார்கள்தான் அந்தக் குழுவில் முன்னால் நின்றார்கள். நோயாளியின் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இறுதிச் சடங்கில் யாருமற்றவனுக்குத் தாயின் இடத்தில் நின்றார்கள்.

ஆலயத்துக்கு எதிரே கன்னியர் மடம் ஒன்று வெறுமனே கிடந்தது. 1987-இல் அது 15 படுக்கைகள் கொண்ட 'கமிங் ஹோம்' இல்லமானது. மரணத்தின் விளிம்பில் இருந்த எய்ட்ஸ் நோயாளிகளுக்கென நாட்டில் தோன்றிய முதல் சில இல்லங்களில் ஒன்று. இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான், 1986 அக்டோபரில், வத்திக்கானிலிருந்து கர்தினால் ராட்சிங்கரின் கடிதம் வந்தது. தன்பாலீர்ப்பு நாட்டமே ஓர் ஒழுங்குக்குலைவு என்று அது கூறியது. மீட்பர் ஆலயத்தில் பலர் மனம் உடைந்தார்கள், சிலர் வெளியேறினார்கள். ஆனால் இல்லத்துக்கான வேலை நிற்கவில்லை. ஒரே திருச்சபையின் கையெழுத்தும் கைவேலையும் இவ்வளவு நேர் எதிராக இருந்த ஆண்டுகள் அரிது.

அடுத்த சில தெருக்களில் ஹார்ட்ஃபோர்ட் தெரு ஜென் மையம். சாதாரண வீடு, பெயர்ப்பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இதை நடத்திய இஸான் டோர்சி முன்பு பெண்வேடமிட்டு இரவு விடுதிகளில் ஆடியவர், போதைக்கு அடிமையாக இருந்தவர், பிறகு ஜென் துறவி. நோயுற்று வீடிழந்த மாணவர் ஒருவரை அவர் 1987-இல் மையத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்கத் தொடங்கியதுதான் 'மைத்ரி' இல்லத்தின் ஆரம்பம். பௌத்த மரபில் இவ்வகை முயற்சிகளுக்கு அது முன்னோடி. தியான மண்டபத்துக்கு மேலே நோயாளிகளின் அறைகள். டோர்சியும் எய்ட்ஸால் 1990 செப்டம்பரில் அங்கேயே இறந்தார். மைத்ரி இன்று டுபோஸ் அவென்யூவில் பெரிய கட்டடத்தில் இயங்குகிறது.

யுரேகா தெருவில் மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச்சின் ஆலயம் பல பத்தாண்டுகள் இயங்கியது. மற்ற சபைகள் தன்பாலீர்ப்பாளருக்கு இடம் கொடுக்கலாமா என்று விவாதித்தபோது, இது அவர்களே தொடங்கிய சபை. தன்பாலீர்ப்பின் காரணமாகப் போதகர் பதவியை இழந்த டிராய் பெர்ரி 1968 அக்டோபர் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே தன் வீட்டு வரவேற்பறையில் பன்னிரண்டு பேரோடு நடத்திய ஆராதனையில் இது பிறந்தது. அதற்குக் கிடைத்த எதிர்ப்பும் கடுமையானது. 1973-இல் மட்டும் லாஸ் ஏஞ்சலிஸ் ஆலயமும் சான் பிரான்சிஸ்கோ ஆலயமும் தீக்கிரையாயின. அதே ஆண்டு ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் இச்சபையினர் பலர் கூடியிருந்த மதுக்கூடத்தில் தீ வைக்கப்பட்டு 32 பேர் மாண்டார்கள். யுரேகா தெரு சபை எய்ட்ஸுக்கு நூற்றுக்கணக்கானவர்களைப் பறிகொடுத்தது. கட்டடம் பின்னாளில் விற்கப்பட்டது.

மதம் சாராத கைகளும் இதே தெருக்களில்தான் வேலை செய்தன. நகரப் பொது மருத்துவமனை 1983-இல் 5பி வார்டை எய்ட்ஸுக்கென்றே ஒதுக்கியது. செவிலியர்கள் கையுறையின்றி நோயாளியின் கையைப் பிடித்துப் பேசினார்கள். ரூத் பிரிங்கர் என்ற பாட்டி 1985-இல் ஏழு நோயாளிகளுக்குச் சமைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவருக்குக் கிடைத்த அடுப்பு டிரினிட்டி எபிஸ்கோபல் ஆலயத்தின் அடித்தளத்தில் இருந்தது. 'புராஜெக்ட் ஓபன் ஹேண்ட்' என்ற பெயரில் அது இன்றும் உணவு வழங்குகிறது. கன்னியாஸ்திரி உடையில் முகத்துக்கு வெள்ளை பூசிய 'சிஸ்டர்ஸ் ஆஃப் பெர்பெச்சுவல் இண்டல்ஜன்ஸ்' குழுவைக் கத்தோலிக்கர் பலர் நிந்தனையாகவே காண்கிறார்கள். ஆனால் பாதுகாப்பான உடலுறவு பற்றி 1982-இலேயே நகைச்சுவையோடு துண்டுநூல் அச்சிட்டு விநியோகித்தவர்கள் அவர்கள்தான்.

1985 நவம்பர் 27 அன்று, மில்க் நினைவு மெழுகுவர்த்தி ஊர்வலத்தின்போது, இறந்தவர்களின் பெயரை அட்டையில் எழுதி எடுத்துவரும்படி செயற்பாட்டாளர் கிளீவ் ஜோன்ஸ் கேட்டுக்கொண்டார். கூட்டரசு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்ட அட்டைகள் ஒட்டுத்துணிப் போர்வையைப் போலத் தோன்றியதிலிருந்து எய்ட்ஸ் நினைவுப் போர்வை என்ற யோசனை பிறந்தது. ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு கல்லறையின் அளவு. சடங்கு மறுக்கப்பட்டவர்களுக்குக் காஸ்ட்ரோவின் தையல் இயந்திரங்கள் சடங்கு செய்தன. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துண்டுகள். இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகள், 54 டன் எடை. பாதுகாப்பவர்கள் கோல்டன் கேட் பூங்காவில் எய்ட்ஸ் நினைவுச் சோலையைப் பராமரிக்கும் அமைப்பினர்.

காஸ்ட்ரோவிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் டொலொரஸ் தெருவும் 16-ஆவது தெருவும் கூடும் இடத்தில் இரண்டு வழிபாட்டிடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று 1776-இல் ஸ்பானியப் பாதிரிகள் நிறுவிய மிஷன் டொலொரஸ். போப் இரண்டாம் ஜான் பால் 1987 செப்டம்பர் 17 அன்று அதன் பசிலிக்காவுக்கு வந்தார். ராட்சிங்கர் கடிதத்தால் கொதித்திருந்தவர்கள் வெளியே கோஷமிட்டார்கள். உள்ளே எய்ட்ஸ் நோயாளிகளைச் சந்தித்த போப், நோயுற்ற சிறுவன் ஒருவனை அணைத்துக்கொண்ட படம் உலகெங்கும் போனது. தொட்டாலே ஒட்டும் என்று பலர் நம்பிய காலத்தில் அந்தப் படம் செய்த வேலையை எந்த மருத்துவ அறிக்கையும் செய்திருக்காது. கடிதம் திரும்பப் பெறப்படவில்லை.

எதிரே ஷார் சஹாவ் யூத ஆலயம். 1977-இல் தன்பாலீர்ப்பு யூதர்கள் சிலர் தொடங்கி, 1998-இல் இந்த மூலைக்குக் குடிவந்தது. இச்சபையினர் பழைய பிரார்த்தனை நூலில் தங்களுக்கு இடமில்லை என்று கண்டு, உறுப்பினர்களே ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த புது நூலை 2009-இல் அச்சிட்டார்கள். வாசகம் மாறக் காத்திராமல் தாங்களே எழுதிக்கொண்ட அபூர்வமான இடம் இது.

தெற்காசியர்களுக்கும் இந்த வளைகுடாப் பகுதியில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1986-இல் அரவிந்த் குமாரும் சுவீர் தாஸும் தொடங்கிய 'திரிகோண்', தெற்காசியத் தன்பாலீர்ப்பாளர்களின் மிகப் பழைய அமைப்புகளில் ஒன்று. கோயில், மசூதி, குடும்பம், கல்யாணப் பேச்சு என்று அவர்கள் சுமந்துவந்த சிக்கலுக்கு டயமண்ட் தெருவில் விடை இல்லை. அவர்கள் நடத்திய இதழில் அந்தப் பேச்சு நடந்தது.

மதங்கள் எல்லாம் ஒரே பக்கம் நகர்ந்தன என்று எண்ணிவிடக் கூடாது. 2004 பிப்ரவரியில் மேயர் கேவின் நியூசம் நகராட்சி மாளிகையில் ஒரே பாலினத் திருமணங்களுக்கு உரிமம் வழங்கியபோது முதல் இணையர், மில் வேலிக் கூட்டத்தில் இருந்த அதே டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லையனும். சில மாதங்களில் அந்தத் திருமணங்கள் செல்லாதவை என்று மாநில உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 2008 ஜூனில் சட்டம் அனுமதித்ததும் இருவரும் மீண்டும் மணந்துகொண்டார்கள். மார்ட்டின் அந்த ஆகஸ்டில் இறந்தார். நவம்பரில் அத்தகைய திருமணங்களைத் தடுக்கும் 'புரபொசிஷன் 8' சுமார் 52 விழுக்காடு வாக்குகளோடு வென்றது. அதற்குப் பணமும் ஆளும் திரட்டியவர்களில் மோர்மன் சபையினர் முன்னணியில் இருந்தார்கள். அவர்களை உதவிக்கு அழைத்தவர் சான் பிரான்சிஸ்கோவின் கத்தோலிக்கப் பேராயர் ஜார்ஜ் நீடராவர். முந்தைய ஆண்டு இதே பேராயர் மீட்பர் ஆலயத்துக்கு வந்து திருப்பலி நிறைவேற்றியிருந்தார்.

நீதிமன்றங்கள் வழியாக 2013 ஜூனில் திருமணங்கள் மீண்டும் தொடங்கின. 2015-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அந்த உரிமையை வழங்கியது. புரபொசிஷன் 8-இன் வாசகம் மட்டும், செயலிழந்த நிலையிலேயே, கலிபோர்னியாவின் அரசியலமைப்பில் அச்சாகிக்கொண்டிருந்தது. 2024 நவம்பரில் வாக்காளர்கள் 'புரபொசிஷன் 3' மூலம் அதை நீக்கினார்கள்.